தூரி பாடாத சரணம்

எல்ஸ்பாவும் அவள் அக்கா தூரியும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஃபாரோ தீவுகளில் அப்படி இருந்துவிட முடியாது. ஒரு சாவுக்கோ கல்யாணத்துக்கோ போனால் யாரைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தோமோ அவர்தான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆகவே இருவரும் பேசிக்கொண்டார்கள். காற்றைப் பற்றி, ஆட்டுக்குட்டிகளைப் பற்றி, யார் வீட்டில் யார் உண்டாகியிருக்கிறாள் என்பதைப் பற்றி. காப்பிக் குவளையைக் கை மாற்றிக்கொண்டார்கள். சேர்ந்து பாடுவதை மட்டும் எல்ஸ்பா நிறுத்தியிருந்தாள். அது ஆயிற்று, முப்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக.

அதற்கு முன்னால் அவர்கள் பாட்டைக் கேட்காத வீடு கிடையாது. பாட்டை எழுதுகிறவள் தூரி. மெட்டையும் அவளே பாடுவாள். எல்ஸ்பா அதற்கு அடியில் இரண்டாம் குரல் பிடிப்பாள். மேலே போகிற அக்கா எங்கே தடுமாறினாலும் கீழே தங்கை இருப்பாள். ஒரே தொண்டையில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஜனவரியில் ஒரு நாள் தூரி தொலைபேசியில் கூப்பிட்டாள். நுரையீரலில் புற்று என்பது எல்ஸ்பாவுக்கு முன்பே தெரியும். அது இப்போது முதுகெலும்புக்கும் வந்துவிட்டது, வசந்தம் வரை ஓடும் என்று டாக்டர் மென்று விழுங்கிச் சொல்லியிருக்கிறார் என்றாள் தூரி. கடைசியாக ஒரு இசைத்தட்டு செய்துகொண்டிருக்கிறாளாம். வீட்டிலேயே பதிவு நடக்கிறதாம்.

"வந்து ரெண்டாங்குரல் குடுக்கிறியா?"

"இந்தத் தடவ யாரப் பொதைக்கப் போற?" என்று கேட்டாள் எல்ஸ்பா.

"என்னத்தான்" என்று சொல்லிவிட்டுத் தூரி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நெடுநேரம் ஓயவில்லை. எல்ஸ்பா அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு, வர முடியாது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ரோயி எல்ஸ்பாவின் முதல் பிள்ளை. நாலு மாதக் குழந்தை. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் தொட்டிலில் சில்லிட்டுக் கிடந்தான். இன்னதுதான் காரணம் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பிள்ளை போய்விட்டது என்பது எல்ஸ்பாவின் புத்திக்கு எட்டியது, உடம்புக்கு எட்டவில்லை. பால் சுரந்தபடியே இருந்தது. அடக்கத்தன்று பாதிரியார் மண்ணை அள்ளிப் போடும்போது அவளுடைய கறுப்புச் சட்டையின் முன்புறம் முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தூரி தன் சால்வையை எடுத்துத் தங்கை மேல் போட்டு மறைத்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்தில் அது 'நனைந்த சட்டை' என்று பாட்டாக வந்தது.

எல்ஸ்பா அதை முதலில் கேட்டது தன் ஊரான கிளாக்ஸ்விக்கில், மீன் ஆலையில். சால்மனைப் பெட்டியில் அடுக்கும் வரிசையில் நின்றிருந்தாள், ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டில் பெயர் எதுவும் இல்லை. பெயர் எதற்கு? அந்த வருஷம் கிளாக்ஸ்விக்கில் கைப்பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்திதான். இரண்டாவது சரணத்தில் பால் வந்தது, சட்டை வந்தது, சால்வை வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நல்ல பாட்டு. அதுதான் கொடுமை. ஊர்ப் பாடகர் குழுக்கள் அதைப் பாடின. கோபன்ஹேகனுக்கும் ரெய்க்யாவிக்குக்கும் தூரியைக் கூட்டிக்கொண்டு போனது அந்தப் பாட்டுதான். கடையில் பால் வாங்கப் போனால் முன்பின் தெரியாத கிழவிகள் எல்ஸ்பாவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். பின்னால் பிறந்த மகள் பார்பா ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து அதை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அது யாரைப் பற்றியது என்று எவளோ சிநேகிதி சொல்லியிருக்கிறாள். "அம்மா, அந்தச் சட்ட இன்னும் வச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

ஒரே ஒரு தடவை எல்ஸ்பா அக்காவிடம் போய்ச் சண்டை போட்டாள். அது எனக்கும் நடந்ததுதானே என்றாள் தூரி. அதற்குப் பிறகு இருவரும் காற்றையும் ஆட்டுக்குட்டியையும் பற்றியே பேசினார்கள்.

தொலைபேசியை வைத்த அன்று எல்ஸ்பாவின் புருஷன் ஹானுஸ் வீட்டில் இருந்தான். மீன்பிடிக் கப்பலில் இயந்திரம் பார்க்கிறவன், அதிகம் பேசமாட்டான். பேசினால் வார்த்தையை ஸ்பானரைக் கீழே வைப்பதுபோல் வைப்பான்.

"போன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அவ செத்ததுக்கப்புறம் என் பக்கத்துல படுத்துக்கிட்டு விடிய விடியக் கூரையப் பாத்துட்டிருக்காத. அத மட்டும் என்னால தாங்க முடியாது."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவள் காரை எடுத்துக்கொண்டு கடலடிச் சுரங்கப்பாதை வழியாக அக்கா இருக்கும் ஹோய்விக்குக்குப் போனாள்.

தூரியின் வீட்டுக் கூடத்தில் சன்னல்களுக்கெல்லாம் கம்பளி தொங்கியது. ஒலிப்பதிவு செய்ய வந்திருந்த ஹொக்னி தரையில் வயர்களுக்கு நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதுக்காரன், கடந்த பதினைந்து வருஷத்தில் வந்த தூரியின் இசைத்தட்டுகள் எல்லாம் அவன் கைபட்டு வந்தவைதான். மூலையில் ஓர் ஆக்சிஜன் இயந்திரம் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த குழாய் தூரியின் இரண்டு காதுகளையும் சுற்றி மூக்கில் முடிந்தது.

"குண்டாயிட்ட" என்றாள் தூரி.

"நீ எலும்பாயிட்ட."

"சரி, ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியுது. உக்காரு."

இயந்திரம் ஓடினால் அதன் சத்தமும் பதிவாகும். அதனால் பாட வேண்டிய நேரத்தில் ஹொக்னி அதை அணைப்பான். தூரி குழாயைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்வாள். அவள் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கும்வரை பாட்டு ஓடும். பிறகு அவன் பாய்ந்து பொத்தானை அழுத்துவான். மூன்று பேரும் அந்தப் புஸ் புஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இயந்திரம் அணைந்த அந்த நிசப்தம்தான் எல்ஸ்பாவுக்கு ஆகவில்லை. அறையில் இருந்த யாரோ எழுந்து வெளியே போய்விட்டதுபோல் இருக்கும்.

ஆனாலும் குரல்கள் சேர்ந்தன. எல்ஸ்பா தொண்டையைச் செருமிக்கொண்டு மெல்ல ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே அவள் குரல் போய் அக்காவின் குரலுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டது. அக்கா எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பது அவளுக்கு இன்னும் தெரிந்திருந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

சனிக்கிழமைதோறும் போனாள். எல்லாம் தூரி தன் சாவைப் பற்றி எழுதிய பாட்டுகள். கரையை விட்டு விலகும் படகு, மலையிலிருந்து இறங்கும் மூடுபனி, விளக்கு அணைந்த வீடு. ஹொக்னி கேட்டுவிட்டு அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டான். எல்ஸ்பாவுக்குக் கண் கலங்கவே இல்லை. மூன்றாம் வாரம் ஒரு பாட்டு முடிந்து, இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியதும் அவள் கேட்டாள்.

"இதுல நீ எங்க இருக்க?"

"என்ன கேக்குற?"

"படகு இருக்கு. பனி இருக்கு. நீ எங்க? என் பால எடுத்து ஊர் முன்னால ஊத்துனே. உன் சாவுக்கு மட்டும் மூடுபனியா?"

ஹொக்னி குனிந்து வயரைச் சுற்ற ஆரம்பித்தான். தூரி அவனிடம், வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வா என்றாள். அவன் சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காகிறது. ஆனாலும் எழுந்து போனான்.

அவன் போன பிறகு தூரி மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். தூங்கப் பயம். தூங்கிவிட்டால் மூச்சை யார் இழுப்பது என்ற பயம். செத்துப்போன அம்மாவை அடுத்த அறையில் இருப்பதுபோல் வாய்விட்டுக் கூப்பிடுகிறாளாம். பாத்ரூமுக்குப் போக முடியாமல் நாற்காலியிலேயே ஈரம் பண்ணிவிடுகிறாளாம். அதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் கை தானாகப் பனியை எழுதுகிறது என்றாள். மற்றவர்கள் சாவில் எல்லாம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. தன் சாவில் ஒன்றுமே தெரியவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரோயிய எறக்கும்போது ஈரத்த நான்தான் மொதல்ல பாத்தேன். சால்வையப் போட்டேன்ல? போடும்போதே வரி வந்துருச்சு. மெட்டோட. எனக்கு அழுக வரலடி. சந்தோஷமா இருந்துச்சு. ஒரு நொடிதான். ஆனா இருந்துச்சு."

எல்ஸ்பா எழுந்து அடுக்களைக்குப் போனாள். காப்பிக் குவளைகளைக் கழுவினாள். கழுவி அடுக்கி வைத்திருந்தவற்றையும் எடுத்துக் கழுவினாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் போகவில்லை. அதற்கடுத்த வாரம் ஹொக்னி கூப்பிட்டான். தூரி புதிதாக ஒன்று எழுதியிருக்கிறாள், முன்னவை மாதிரி இல்லை, குரல் போய்க்கொண்டே இருக்கிறது என்றான். "நீங்க வராட்டி அவங்க தனியாப் பாடிடுவாங்க. அத என்னால கேட்டுட்டு உக்கார முடியாது" என்றான்.

அந்தப் பாட்டில் பனி இல்லை. குழாய் உரசிக் காதுக்குப் பின்னால் புண்ணான இடம் இருந்தது. ஈர நாற்காலி இருந்தது. அடுத்த அறையில் இல்லாத அம்மா இருந்தாள். தூரி பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவே ஒரு குரலில், ஒவ்வொரு வரியாகப் பாடினாள். ஒரு வரி, பிறகு இயந்திரம். ஒரு வரி, பிறகு இயந்திரம். மூன்றாம் சரணத்தை முடிக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. நாலாவது சரணத்துக்கு வார்த்தை இல்லை.

"அத நீ எழுது" என்றாள் தூரி.

"எனக்கு எழுதத் தெரியாது."

"பாக்கத் தெரியும்ல? நான் போகும்போது பக்கத்துல நில்லு. எது கண்ணுல படுதோ அத எடு. அசிங்கமா இருந்தாலும் சரி. ஊர் முன்னால ஊத்து. அப்ப சரியாப் போயிடும்."

"எது சரியாப் போயிடும்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

தூரி கிதாரை மடியில் இழுத்துக்கொண்டாள். அதைத் தூக்கும் தெம்பு அவளுக்கு இல்லை. ஹொக்னி இயந்திரத்தை அணைத்தான். நாலாவது சரணம் முழுவதையும் அவள் கிதாரில் மட்டும் வாசித்தாள், குரல் வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு. வாய் திறந்தே இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

மார்ச்சில் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எல்ஸ்பா ஆலையில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே இருந்தாள். கடைசி நாள் மத்தியானம் தூரிக்கு நினைவு இல்லை. தொண்டை காயாமல் இருக்க, குச்சி முனையில் இருந்த சின்னப் பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து நர்ஸ் அவள் உதட்டில் வைத்தாள். கண்ணைத் திறக்காமலே தூரி அதைக் கவ்விச் சப்பத் தொடங்கினாள். நாக்கைக் குவித்து, கன்னம் குழிய, சீராக. நர்ஸ் எடுத்தபோது வாய் அதைத் தேடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது.

எல்ஸ்பாவுக்கு அந்த வாயைத் தெரியும். நாலு மாதம் தினமும் பார்த்த வாய். அறுபத்தொரு வயது முகத்தில் அது இருந்தது.

குச்சியை இப்படிக் கொடுங்கள் என்று நர்ஸிடம் வாங்கிக்கொண்டாள். தோய்த்துத் தோய்த்துக் கொடுத்தாள். அக்கா குடித்துக்கொண்டே இருந்தாள். வெளிச்சம் போவதற்குள் சப்புவது நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மற்றதும் நின்றது. வீட்டுக்கு வந்ததும், கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று ஹானுஸ் கேட்டான்.

"தண்ணி கேட்டா" என்றாள்.

அடக்கத்துக்குப் பாதி நாடு வந்திருந்தது. கோயிலில் இடம் போதாமல் ஆட்கள் வெளியே ஆலங்கட்டி மழையில் நின்றார்கள். குழியருகே எல்லோரும் துதிப்பாட்டுப் பாடினார்கள். பெட்டி இறங்கியது. எல்ஸ்பா கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அது வந்தது. பஞ்சு, வாய், பால், ரோயி, தூரி எல்லாம் ஒரே வரியில். மெட்டோடு. கிதார் மட்டும் ஓடிய அந்தச் சரணத்தில் அச்சாகப் பொருந்தியது. ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு நொடிதான். அடுத்த நொடி, கடையில் எதையோ கோட்டுக்குள் செருகிக்கொண்டவள்போல் சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் நின்ற ஹானுஸ் அவளுக்குக் குளிர்கிறது என்று நினைத்துத் தோளைச் சுற்றிக் கை போட்டான்.

மே மாதம் ஹொக்னி கூப்பிட்டு அனுப்பினான். தலைநகர் டோர்ஷவ்ன் துறைமுகத்தில் பழைய கயிற்றுக் கடை ஒன்றுதான் அவன் ஒலிப்பதிவுக் கூடம். ஆள் இளைத்திருந்தான். சரியாகத் தூக்கமில்லை என்றான். முதல் பாட்டில் தூரியின் மூச்சுச் சத்தங்களை எல்லாம் வெட்டி எடுத்துப் பார்த்தானாம். பாட்டு சுத்தமாக இருந்ததாம்; ஆனால் பிணம் பாடுவதுபோல் இருந்ததாம். பயந்துபோய் ஒவ்வொரு மூச்சையும் எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தானாம். இப்போது வீட்டில் கெட்டில் கொதித்தால்கூட அவள் மூச்சு வாங்குவதுபோல் கேட்கிறது, அடுத்து வரி வரப்போகிறது என்று நின்றுவிடுகிறேன் என்றான்.

எல்ஸ்பா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். இயந்திரம் அணையும் 'டக்' கேட்டது. துணி உரசியது. "இரு, இரு" என்றாள் தூரி, காதுக்கு உள்ளேயே. எல்ஸ்பா திரும்பிப் பார்த்துவிட்டாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

முதல் மூன்று சரணத்துக்கும் இரண்டாம் குரல் கொடுத்தாள். செத்தவளோடு சேர்ந்து பாடுவது கஷ்டமாக இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. தூரி எப்போதும்போல அவளுக்காக வரியின் கடைசியில் ஒரு இழை தாமதித்தாள். எப்போதும்போல மேலே போனாள். பாட்டு முடிந்தாலும் அவள் மூச்சு காதில் ஓடிக்கொண்டே இருந்தது, அடுத்தது என்ன என்று கேட்பதுபோல்.

நாலாவது சரணத்துக்கு வார்த்தை இருக்கிறதா என்று ஹொக்னி கேட்டான். "உங்களத்தான எழுதச் சொன்னாங்க."

இருந்தது. குழியருகே வந்த வரி அவளை விடவில்லை. சால்மன் அடுக்கும்போது, உருளைக்கிழங்கு உரிக்கும்போது அது தன்னைத்தானே இழைத்து மெருகேற்றிக்கொண்டே வந்தது. கூடவே மற்ற வரிகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் போதும். 'நனைந்த சட்டை' அதற்கு முன்னால் நிற்காது. அது அவளுக்கே தெரிந்தது.

"ஓடவிடு" என்றாள்.

கிதார் தொடங்கியது. எல்ஸ்பா வார்த்தை இல்லாமல், இரண்டாம் குரலை மட்டும் பாடினாள். மெட்டு எங்கே போயிருக்க வேண்டுமோ, அதற்கு அடியில் எங்கே தான் நிற்க வேண்டுமோ, அங்கே நின்றாள். மேலே யாரும் இல்லை. தூரி மூச்சு வாங்கிய இடத்தில் அவளும் வாங்கினாள்.

முடிந்ததும் ஹொக்னி கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்தான். "கேக்கிறவங்களுக்குப் புரியாதே எல்ஸ்பா. பாட்டே இல்லையே, அடிக்குரல்தான இருக்கு" என்றான்.

"புரிய வேணாம்."

அக்காவின் மானத்தைக் காப்பதற்காகச் செய்தாளா, கணக்குச் சரியாகப் போய்விட வேண்டாம் என்று செய்தாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. திரும்பும் வழியில் சுரங்கப்பாதைக்குள் காரை ஓட்டியபடி இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் உண்மையாகத்தான் பட்டன. வரிகளை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஹானுஸிடம்கூட.

இலையுதிர்காலத்தில் இசைத்தட்டு வந்தது. கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்தில் பதிவுக் கோளாறு என்று சிலர் நினைத்துக் கடையில் மாற்றித் தரச் சொன்னார்களாம். சிலர் அந்த இடம் வரும்போது அறையை விட்டு எழுந்து போய்விடுவதாகச் சொன்னார்கள். ஆலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் அவளை விட்டு மெட்டு போய்விட்டது. பாத்திரம் துலக்கும்போது எதையாவது முணுமுணுத்தால் அடிக்குரல்தான் வந்தது. பார்பா கோபன்ஹேகனிலிருந்து பேரனைத் தொலைபேசியில் காட்டி, ஒரு தாலாட்டுப் பாடு அம்மா என்றாள். சின்ன வயதிலிருந்து தெரிந்த தாலாட்டு, அதிலும் எல்ஸ்பாவுக்குக் கீழ்க்குரல் மட்டுமே வந்தது. பேரன் ஒன்றும் புரியாமல் விழித்தான். கோயிலில் எல்லோரும் மெட்டைப் பாடும்போது அவள் மட்டும் அடியில் நின்று, வரியின் கடைசியில் ஒரு இழை காத்திருப்பாள். பாட்டு அவளை விட்டுவிட்டுப் போய்விடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்து ஞாயிறு ஒன்றில் ஹானுஸ் அதைக் கவனித்தான். கோயிலில் அவன் உதட்டை அசைப்பதோடு சரி. சின்னப் பையனாக இருந்தபோது பாட்டு வாத்தியார், நீ மட்டும் சும்மா இரு என்று சொன்னதை அவன் இன்றுவரை மீறியதில்லை. அன்று புத்தகத்தைக் கண்ணருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கப்பலில் சங்கிலி இழுக்கும் சத்தத்தில் மெட்டைப் பாடத் தொடங்கினான். முன் வரிசையில் இரண்டு தலைகள் திரும்பின. அவன் சுருதி எங்கேயோ இருந்தது. எல்ஸ்பா கொஞ்சம் தேடிப் பார்த்தாள். பிறகு தன் குரலை இறக்கி, அவன் இருந்த இடத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள்.